நடுவண்ணன் எந்த மலைக்குப் போனான்?

சேர்வராயன் மலையின் உச்சியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்தில், குனிந்து நுழைய வேண்டிய இருண்ட குகை ஒன்றில் சேர்வராயனும் காவிரியம்மனும் குடியிருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார மலையூர்கள் அங்கே திரள்கின்றன. திரள்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். கேரளத்தாரோடு தொடர்பில்லாத, தமிழ் பேசும் மலைக்குடிகள். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சித்தேரி, சவ்வாது, ஏலகிரி என்று மலைக்கு மலை பரவி வாழும் இவர்களின் எண்ணிக்கை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மூன்றரை லட்சத்துக்கும் மேல். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்கள் மரபு. எத்தனை பேர் வந்தார்கள், எதற்காக ஊரை விட்டார்கள், யார் எந்த மலையில் தங்கினார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்கத் தொடங்கினால் கதைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. குகைக்கோயிலின் கதையோ, உள்ளே ஒரு சுரங்கம் ஓடிக் காவிரி பிறக்கும் இடம்வரை போகிறது என்கிறது.

இத்தகைய முட்டலைக் கண்டதும் இன்றைய வாசகர் வாயில் வரும் சொல் 'லாஜிக் ஓட்டை'. பல பாகங்களாக விரியும் நாவல்களையும் திரைப்படங்களையும் படித்தும் பார்த்தும் பழகிய கண் அது. முதல் பாகத்தில் சொன்னது மூன்றாம் பாகத்தில் மாறியிருந்தால், இறந்தவன் காரணமின்றித் திரும்பி வந்தால், ஒரு வாரப் பயணம் ஒரு நாளில் முடிந்தால், அது கண்ணில் குத்துகிறது. கூர்மையான வாசிப்பு அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே கண்ணால் மலைக்கதைகளைப் பார்க்கும்போது ஒரு தவறு நேர்கிறது என்பது என் வாதம். முரண் என்பது கதைக்குள் மட்டும் இருக்கும் குணமன்று. அந்தக் கதையைத் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு என்பதைப் பொறுத்தே ஒரு முரண் பிழையாகிறது அல்லது ஆகாமல் போகிறது. ஒரே ஆசிரியர் எழுதிய நூலில் முரண் அவருடைய பிழை. பல மலைகள் பங்கு வைத்திருக்கும் கதையில் முரண் என்பது பெரும்பாலும் ஒருவர் பங்கு முடிந்து இன்னொருவர் பங்கு தொடங்கும் வரப்பு.

நூலில் நேரும் முரணை முதலில் பார்த்துவிடலாம். ஆர்தர் கோனன் டாயில் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் டாக்டர் வாட்சன் ஆப்கன் போரில் காயம்பட்டவர். 1887-இல் வந்த முதல் நாவலில் குண்டு தோளில் பாய்கிறது. 1890-இல் வந்த இரண்டாம் நாவலில் காயம் காலுக்கு வந்துவிடுகிறது. ஆசிரியர் மறந்தார், அவ்வளவுதான். ஹாரி பாட்டர் வரிசையின் நான்காம் நூல் 2000-இல் வெளிவந்தபோது, மந்திரக்கோலிலிருந்து நிழலுருக்கள் வெளிப்படும் காட்சியில் ஹாரியின் தந்தையும் தாயும் வரும் வரிசை தவறியிருந்தது. கடைசியாக இறந்தவர் முதலில் வர வேண்டும் என்ற அந்த நூலின் சொந்த விதியையே அது மீறியது. பின்வந்த பதிப்புகளில் மாற்றிவிட்டார்கள். டோல்கினின் வழி இன்னும் சுவையானது. 1937-இல் வந்த 'ஹாபிட்' நாவலில் மோதிரம் கதைநாயகன் பில்போவின் கைக்கு வந்த விதம், பிறகு எழுதத் தொடங்கிய பெரிய நாவலோடு பொருந்தவில்லை. 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுதினார். பழைய பதிப்பு வாசகர்களின் அலமாரியில் இருக்கிறதே என்ற சிக்கலுக்கும் விடை வைத்திருந்தார்: பழைய வடிவம் பில்போ தன் குறிப்பில் எழுதிவைத்த பொய் என்று 1954-இல் வந்த அடுத்த நூலின் முன்னுரையில் சொல்லிவிட்டார். முரண் அழியவில்லை, ஒரு பாத்திரத்தின் குற்றவுணர்வாக மாறிக் கதைக்குள்ளேயே குடியேறிவிட்டது. இப்படிச் செய்ய ஒருவருக்கு முழு உரிமை வேண்டும். டோல்கினுக்கு அது இருந்தது.

தமிழில் இதற்கு இணையான பெரிய எடுத்துக்காட்டு பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்த தொடர். ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். முன்னத்தி ஏர் ஏற்கெனவே அச்சாகி வீடுகளுக்குப் போய்விட்ட பிறகு பின்னத்தி ஏரை வளைக்க வேண்டிய நிலை தொடர்கதை எழுதுபவருக்கு. அந்த நெருக்கடிக்குள் கல்கி கட்டிய கதையின் பின்னல் வியக்கத்தக்கது. ஆனாலும் வாசகர்கள் எழுபது ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டும் இடங்கள் உண்டு. நந்தினிக்கும் பாண்டிய மன்னன் வீரபாண்டியனுக்கும் என்ன உறவு? நாவலின் முற்பகுதியில் அவன் அவளுடைய காதலன். பிற்பகுதியில் தந்தை. நந்தினி யாரிடம் எது பயன்படுமோ அதைச் சொல்லும் பாத்திரம், ஆகவே இது அவளுடைய பொய் என்று கல்கியின் அன்பர்கள் வாதிடுகிறார்கள். டோல்கின் தாமே செய்ததை இவர்கள் ஆசிரியருக்காகச் செய்கிறார்கள். வேறுபாடு என்னவென்றால், கல்கி அப்படி வெளிப்படையாகச் சொல்லித் தீர்த்துவைக்கவில்லை. தொடர் முடிந்தபின் வாசகர் கேள்விகளுக்கு விடையாக ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்று விளக்கினார். 1954 டிசம்பர் 5 அன்று காலமானார். அந்த நாவலைத் திருத்தும் உரிமை அன்றோடு முடிந்தது. 2022, 2023 ஆண்டுகளில் அந்நாவலை ஒட்டி வந்த திரைப்படங்கள், நாவலில் இரு குழந்தைகள் இடம் மாற்றப்படும் கிளைக்கதையைக் கைவிட்டு வேறு பாதையில் போயின. அவை நாவலைத் திருத்தவில்லை, வேறொரு கதையைச் சொல்லின.

நாவலில் வரும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையை இதே பட்டியலில் சேர்ப்பவர்கள் தவறுகிறார்கள். யார் கை குத்தியது என்று நாவல் தெளிவாகச் சொல்லாதது மறதியால் அன்று. வரலாற்றிலேயே ஓர் இடைவெளி இருக்கிறது. உடையார்குடிக் கல்வெட்டு, முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் கொலைத் துரோகிகள் என்று குறித்து அவர்களின் உறவினர் சொத்துகளைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது. இராசராசன் அரியணை ஏறியது 985-இல். அதற்கு முன் உத்தம சோழன் பத்தாண்டுகளுக்கு மேல் ஆண்டான். அந்தக் காலமெல்லாம் கொலைகாரர்கள் தண்டனையின்றி இருந்தது ஏன்? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தமனையே ஐயுற்றார், மறுத்தவர்களும் உண்டு. கல்கி இந்த இடைவெளிக்குள் வீடு கட்டினார். பதிவில் உள்ள ஓட்டைதான் நாவலின் முற்றம். ஆகவே நூலுக்குள்ளேயே மூன்று வேறு பொருள்கள் 'ஓட்டை' என்ற ஒரே பெயரில் கிடக்கின்றன: ஆசிரியர் மறந்தது, ஆசிரியர் மறைத்தது, உலகமே சொல்லாமல் விட்டது. முதலாவது மட்டுமே பிழை.

இனி மலைக்கு வருவோம். எட்கர் தர்ஸ்டனும் கே. ரங்காச்சாரியும் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூலில், அதற்கு முன் மாவட்ட அதிகாரிகள் எழுதிய கையேடுகளிலிருந்து மலையாளிகளின் பிறப்புக்கதைகள் திரட்டித் தரப்பட்டிருக்கின்றன. ஒரு வடிவத்தில், பத்துத் தலைமுறைகளுக்கு முன், தொண்டைமண்டலத்தில் முஸ்லிம் ஆட்சி நடந்த காலத்தில் காஞ்சியை விட்டு மூன்று சகோதரர்கள் கிளம்புகிறார்கள். மூத்தவன் சேர்வராயனுக்கும், நடுவுள்ளவன் கொல்லிமலைக்கும், இளையவன் பச்சைமலைக்கும் போகிறார்கள். இன்னொரு வடிவத்தில் முதலில் ஊரை விடுவது மனிதர்கள் அல்லர், தெய்வம். காஞ்சியில் இருப்புக் கொள்ளாத கரிராமன் வேறிடம் தேடிப் புறப்பட, அவனுடைய அடியார்கள் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் மூவரும் குடும்பத்தோடு பின்தொடர்ந்து சேலம் பக்கம் வந்து வழி பிரிகிறார்கள். பெரியண்ணன் சேர்வராயனுக்குப் போகிறான். நடுவண்ணன் போவது கொல்லிமலைக்கு அன்று. பச்சைமலைக்கும் அஞ்சூர் மலைக்கும். சின்னண்ணன் மஞ்சவாடிக்குப் போகிறான். இந்த வடிவத்தில் கொல்லிமலை என்ற பெயரே இல்லை. மலையாளிகள் செறிந்து வாழும் பெருமலைகளில் ஒன்று கதையிலிருந்தே காணாமல் போயிருக்கிறது.

வடக்கே சவ்வாது மலையில் சகோதரர் மூவரே கிடையாது. அங்கே வட ஆற்காட்டுக் கையேட்டுக்காக எச். ஏ. ஸ்டூவர்ட் பதிவு செய்த கதை வேறு. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு, இகழ்ந்து மறுக்கப்பட்டு, சினத்தில் ஏழு கன்னிப் பெண்களைத் தூக்கிச் செல்கிறார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்புகிறார்கள். நாய்கள் மட்டும் தனியே திரும்பி வந்தால் நாங்கள் மாண்டோம் என்று கொண்டு ஈமக்கடன் செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் பாடுபட்டுக் கரையேற, நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி ஊர் வந்துவிடுகின்றன. ஏழு பேரும் வேடர்களைக் கொன்று வீடு திரும்பும்போது சடங்குகள் முடிந்து, மனைவியர் கைம்பெண்களாகிவிட்டிருக்கிறார்கள். உயிரோடு இருந்தும் சமூகத்தில் செத்தவர்களான அவர்கள் வேடப் பெண்களை மணந்து சவ்வாது மலையேறிப் பயிர்த்தொழிலில் இறங்குகிறார்கள்.

மூன்றையும் அருகருகே வைத்தால் மாறுவது எது, மாறாதது எது என்பது தெளிவாகிறது. காஞ்சி மாறவில்லை. திரும்பிப் போக முடியாத நிலை மாறவில்லை. மலையில் பிறக்கவில்லை, மலைக்கு வந்தோம் என்பது மாறவில்லை. மாறுபவை எண்ணிக்கை, உறவு, மலைகளின் வரிசை. இந்த மூன்றும் மலைகளுக்கு இடையே யார் மூத்தவர், யாரை யார் அண்ணன் என்று கொள்ள வேண்டும் என்ற கேள்வியோடு நேராகப் பிணைந்தவை. சேர்வராயன் மலையாளிகளைப் பெரிய மலையாளிகள் என்றும் கொல்லிமலையாரைச் சின்ன மலையாளிகள் என்றும் அழைக்கும் வழக்கம் அதே பதிவுகளிலேயே இருக்கிறது. நினைவு தானாக மங்கியிருந்தால் கதை எந்த இடத்தில் வேண்டுமானாலும் தேய்ந்திருக்கும். காஞ்சி மதுரையாகியிருக்கும், வேடர் இன்னொரு குலமாகியிருக்கும். அப்படித் தேயாமல், உரிமையும் மதிப்பும் பேசப்படும் இடங்களில் மட்டும் கதைகள் பிரிகின்றன. சேர்வராயன் மூத்தவனாக வரும் இரண்டு வடிவங்களும் சேலம் மாவட்டப் பதிவுகளில் கிடைப்பவை. கொல்லிமலையின் உச்சியிலோ மாசி பெரியண்ணசாமி என்ற பெயரோடு ஒரு தெய்வம் நிற்கிறது. அவரும் கதையில் வரும் பெரியண்ணனும் ஒருவரே என்று நான் சொல்லவில்லை. மூத்தவன் என்ற பட்டத்தை ஒரு மலைக்கு மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு மற்ற மலைகள் ஒதுங்கிவிடவில்லை என்பதை அந்தப் பெயர் காட்டுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இவற்றை எழுதியவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். துபாஷி மூலம் கேட்டு, குமாஸ்தா எழுதிய குறிப்பைச் சுருக்கி, ஆங்கிலத்தில் அச்சிட்டார்கள். கொல்லிமலையும் பச்சைமலையும் இடம் மாறியது மலைக்காரர்களின் அரசியலால் அன்றி ஒரு குமாஸ்தாவின் கைத்தவறால் நேர்ந்திருக்கலாமே? நேர்ந்திருக்கலாம். அந்த ஒரு வேறுபாட்டின் மேல் மட்டும் வாதத்தை நிறுத்துவது தகாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மூவர் எழுவரானது கைத்தவறு ஆகாது. தெய்வம் முன்னே நடக்கும் கதையும் நாய்கள் பின்னே திரும்பும் கதையும் ஒரே குறிப்பின் இரண்டு நகல்கள் அல்ல. பதிவு செய்தவர்களின் நிலை இன்னொரு வகையில் நம் கணக்கில் வர வேண்டும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார்; தோட்டங்களும் பங்களாக்களும் பாதைகளும் பின்தொடர்ந்தன. அதிகாரிகளுக்கு எளிதில் எட்டிய மலை சேர்வராயன். அங்கே கேட்ட கதை முதலில் அச்சேறியதும், அச்சேறியது 'மூலக்கதை' போலத் தோற்றம் கொண்டதும் இயல்பு. மூத்தவன் சேர்வராயனில் இருப்பது பழைய உண்மையா, பாதை முதலில் வந்த மலையின் குரலா என்ற ஐயத்தை நாம் கைவிடக் கூடாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் அடிப்படையானது. வாய்மொழியில் கதை சொல்பவர்களுக்குத் தொடர்ச்சி பற்றிய கவலையே கிடையாது. அன்றன்று தோன்றியதைச் சொல்வார்கள். அதில் வரப்பும் உரிமையும் தேடுவது படித்தவர்களின் மிகைவாசிப்பு என்பார்கள். இதற்குச் சேர்வராயன் குகையே விடை தருகிறது. சுரங்கக் கதையை மண்ணியல் கண்ணால் பார்த்தால் அது நிற்காது. சேர்வராயனிலிருந்து குடகின் தலைக்காவிரி நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இந்த மலையின் உடல் சார்னோகைட் என்னும் கடும்பாறை. உச்சியில் பாக்சைட் படிவம். சுண்ணாம்புப் பாறை நிலங்களில் இருப்பதுபோன்ற நெடுங்குகை வலைகளுக்கு இங்கே இடமில்லை. நீரின் போக்கோ நேர் எதிர். சேர்வராயனில் பிறக்கும் சரபங்காவும் திருமணிமுத்தாறும் கீழே இறங்கிக் காவிரியில் கலக்கின்றன. வாணியாறு வடக்கே தென்பெண்ணைக்குப் போகிறது. மலை காவிரிக்கு நீர் கொடுக்கிறது. கதையோ மலையைக் காவிரியின் பிறப்பிடத்தோடு கட்டுகிறது. இதைப் புவியியல் செய்தியாக யாராவது சொன்னால் தவறு என்று தயங்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தச் சுரங்கம் கதைக்குள் என்ன வேலை செய்கிறது? காவிரி ஓடாத ஒரு மலையுச்சியில் காவிரியம்மன் ஏன் வீற்றிருக்கிறாள் என்ற கேள்வி, கோயிலுக்கு வரும் எந்தக் குழந்தைக்கும் எழும். இது கதையில் ஓர் ஓட்டை. சுரங்கம் அந்த ஓட்டைக்கு இட்ட ஒட்டு. அதாவது மலைக்காரர்கள் பொருந்தாமையை உணர்ந்தார்கள், காரணம் தேடினார்கள், அடைத்தார்கள். ஹாபிட்டின் முரணுக்கு டோல்கின் செய்ததைப் போலவே. சவ்வாதுக் கதையிலும் இதே கவனம் தெரிகிறது. நாய்கள் திரும்பினால் ஈமக்கடன் செய்யுங்கள் என்ற சொல் முதலிலேயே விதைக்கப்படுகிறது. பாலாற்று வெள்ளம் அதை முளைக்க வைக்கிறது. உயிரோடு திரும்பியவர்கள் ஏன் ஊருக்குள் சேரவில்லை என்ற கேள்வி எழும் முன்னரே விடை தயாராக இருக்கிறது. தேர்ந்த தொடர்கதை ஆசிரியரின் கைவேலை இது. காரணகாரியத் தொடர்ச்சியை இவ்வளவு பேணும் மரபு, மூன்று சகோதரர் கதையை ஏழு ஆண்கள் கதையோடு இணைக்க ஒரு சொல்லும் செலவழிக்கவில்லை. மூவரும் எழுவரும் தாயாதிகள் என்று ஒரு வரி போதும், முரண் தீர்ந்துவிடும். அந்த வரி அச்சான இந்த வடிவங்களில் இல்லை. இணைத்தால் சவ்வாது மலை சேர்வராயனின் கிளையாகிவிடும், அல்லது சேர்வராயன் சவ்வாதின் கிளையாகிவிடும். இணைக்காமல் இருப்பதுதான் இரண்டு மலைகளையும் தனித்தனியே முழுமையாக வைக்கிறது என்றே இதைப் படிக்கிறேன்.

மலைக்கு மட்டும் உரியதன்று இந்த இயல்பு. சித்திரைத் திருவிழாவில் மதுரை முழுவதும் ஒவ்வோராண்டும் ஒரு மாபெரும் முரணைக் கண்ணால் பார்த்துக் கும்பிடுகிறது. மீனாட்சியின் திருக்கல்யாணத்தில் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்து, அண்ணனாக நின்று தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்கிறார். பிறகு அழகர்மலையிலிருந்து அழகர் இறங்கி வருகிறார். தங்கை கல்யாணத்துக்குத் தாமதமாக வந்து, முடிந்துவிட்டது என்று அறிந்து, கோபித்துக்கொண்டு வைகையோடு திரும்பிவிடுகிறார் என்பது மக்கள் சொல்லும் கதை. திருமால் ஒருவரே; கல்யாணத்தை நடத்திவைத்தவரும் அவரே, கல்யாணத்தைத் தவறவிட்டவரும் அவரே. கோயிலின் புராணமோ அழகர் வருவது மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் தர என்கிறது. அதில் கல்யாணப் பேச்சே இல்லை. தொ. பரமசிவன் தம்முடைய 'அழகர் கோயில்' ஆய்வில் இதன் பின்னணியை விரித்திருக்கிறார்: தனித்தனியே வேறு மாதங்களில் நடந்த சைவ, வைணவத் திருவிழாக்கள் திருமலை நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில், ஒரே மாதத்தில் அடுத்தடுத்து அமைந்தன. இரண்டு திருவிழாக்கள் சந்தித்த இடத்தில் ஒரு கதை முளைத்தது. நகர மக்களின் கல்யாணமும் அழகரோடு வரும் சுற்றுவட்டாரக் கிராமத்தாரின் வருகையும் ஒன்றையொன்று விழுங்காமல் இருக்கத் தாமதமும் கோபமும் உதவுகின்றன. அந்த முரணைத் திருத்தி, அழகரைச் சரியான நேரத்துக்கு வரவழைத்தால் திருவிழாவின் பாதி வழக்கம் பொருளிழந்துபோகும்.

இப்படிப் பேசினால் எந்தத் தவற்றையும் மன்னித்துவிடலாமே, மரபு என்ற போர்வைக்குள் எதையும் ஒளிக்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான அச்சம். என் விடை, முரணை விளக்குவது வேறு, அதை வரலாறாக ஏற்பது வேறு என்பதே. எல்லா வடிவங்களிலும் காஞ்சி மாறாமல் இருப்பது, அவர்கள் காஞ்சியிலிருந்துதான் வந்தார்கள் என்பதற்குச் சான்றாகாது. காஞ்சியையும் தொண்டைமண்டலத்தையும் தங்கள் பூர்வீகமாகச் சொல்லும் தமிழ்க் குலங்கள் பல; பெரிய நகரத்தில் வேர் காட்டுவது மதிப்புக்குரியது. பத்துத் தலைமுறை என்ற கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கையேடுகள் எழுதப்பட்ட 1880களிலிருந்து தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு வைத்துப் பின்னோக்கிப் போனால் 1630ஐ ஒட்டி நிற்போம். 1640களில் கோல்கொண்டாப் படைகள் தொண்டைமண்டலத்தைப் பிடித்தன என்பதோடு அது ஓரளவு ஒத்துவருகிறது. முப்பது ஆண்டு வைத்தால் ஒத்துவராது. மாலிக் காபூரின் 1311 படையெடுப்பை நினைத்துச் சொல்லியிருந்தால் இருபது தலைமுறைக்கு மேல் வேண்டும். பத்து என்பது கணக்கெடுத்த எண்ணாக இல்லாமல், 'நெடுங்காலம் முன்பு' என்பதன் இன்னொரு வடிவமாகவும் இருக்கலாம். ஒத்துவருவதை மட்டும் எடுத்துக்காட்டி ஆண்டு குறிப்பவர்களை நான் நம்பமாட்டேன்.

உண்மையில் நம் காலத்தின் ஆபத்து முரண்களை மன்னிப்பதில் இல்லை, அவற்றை அவசரமாகத் தீர்த்துவைப்பதில் இருக்கிறது. சுற்றுலாக் கையேட்டுக்கும் அறிவிப்புப் பலகைக்கும் பள்ளிப் பாடத்துக்கும் ஒரே கதை வேண்டியிருக்கிறது. மூன்று சகோதரர், மூன்று மலை என்ற வடிவம் அடக்கமானது, நினைவில் நிற்பது, அதுவே வெல்லும். வென்றால் கல்வராயனும் சவ்வாதும் சித்தேரியும் ஏலகிரியும் தங்கள் பிறப்புக்கதையில் இடமில்லாதவை ஆகும். இராமாயணத்துக்கு எத்தனை வடிவங்கள் என்று பேசிய ஏ. கே. ராமானுஜனின் கட்டுரையை டெல்லி பல்கலைக்கழகம் 2011-இல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியபோது நாடெங்கும் குரல் எழுந்தது. சில ஆயிரம் பேர் மட்டுமே அறிந்த மலைக்கதை ஒன்று சுருக்கப்படும்போது குரல் கொடுக்க யாரும் இருப்பதில்லை. ஆகவே இக்கதைகளைத் தொகுக்கிறவர்கள் ஒவ்வொரு வடிவத்தையும் எந்த மலையில், எந்த ஊரில், எந்தச் சந்தர்ப்பத்தில், ஆணா பெண்ணா சொன்னது என்ற குறிப்போடு தனித்தனியே பதிய வேண்டும். இரண்டு வடிவங்களைத் தைத்து மூன்றாவது ஒன்றை ஆக்கும் உரிமை தொகுப்பவருக்கு இல்லை.

ஆணா பெண்ணா என்ற குறிப்பைச் சும்மா சேர்க்கவில்லை. சவ்வாதுக் கதையில் வரப்பு என்றும் உரிமை என்றும் விளக்கிவிட முடியாத ஓர் ஓட்டை இருக்கிறது. ஏழு ஆண்கள் கிளம்பியது கடத்தப்பட்ட ஏழு பெண்களை மீட்க. வேடர்களைக் கொன்றார்கள், ஊர் திரும்பினார்கள், வெளியே தள்ளப்பட்டார்கள், வேடப் பெண்களை மணந்தார்கள். மீட்கப்போன பெண்கள் என்ன ஆனார்கள்? அச்சில் உள்ள வடிவத்தில் ஒரு சொல்லும் இல்லை. நாய்கள் ஆற்றின் எந்த இடத்தில் திரும்பின என்று சொல்லும் கதை, தன் கிளம்பலுக்கே காரணமான ஏழு பேரை வழியில் விட்டுவிட்டுப் போகிறது. அவர்கள் காஞ்சிக்குத் திரும்பியிருந்தால் ஊர் அவர்களை ஏற்றதா? மலையிலேயே தங்கியிருந்தால் இன்றைய குடிகளின் பாட்டிமாரில் அவர்களும் உண்டா? கைம்பெண்களாக்கப்பட்ட ஏழு மனைவியரும், கொலையுண்ட வேடர்களின் மகளிராகவோ தங்கைகளாகவோ இருந்திருக்கக்கூடிய ஏழு மணப்பெண்களும் பெயரின்றியே நிற்கிறார்கள். ஸ்டூவர்ட் சுருக்கியபோது இது விழுந்ததா, அவருக்குச் சொன்னவர்களே விட்டார்களா, சவ்வாது மலைப் பெண்கள் தங்களுக்குள் சொல்லும் வடிவம் வேறாக இருக்கிறதா என்பதை மேசையில் உட்கார்ந்து தீர்க்க முடியாது. காஞ்சியைத் தேடிப் போகும் ஆய்வாளர்களுக்கு முன், சவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வயதான பெண்களிடம் இந்த ஒரு கேள்வியை எடுத்துச் செல்ல யாராவது வேண்டும்.